குதிரைகள் ஏன் கறுத்துப்போயின?

இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழும் நம்மவர்களின் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால், பொலிதேயாமா அரங்கின் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம் ஒன்றாவது அகப்படும். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறோம். பஸ்கள் வந்து திரும்பும் பெரிய சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் ஜுசெப்பே தமியானி அல்மெய்தா என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, வேலை முழுதும் முடியாமலே 1874 இல் திறந்துவைக்கப்பட்ட அரங்கு. வாசல் வளைவின் உச்சியில் மாரியோ ருத்தெல்லி வடித்த வெண்கலத் தேரும் அதன் நான்கு குதிரைகளும் நிற்கின்றன.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குதிரைகளின் கழுத்துத் தசை மடிப்புக்கூடத் தெரிகிறது. படத்தில் பார்த்தால் வெளிறிய வானத்தின் முன் நான்கு கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான். போன் திரையில் குதிரையின் மேல் விரலை வைத்தால் குதிரை வெளிச்சமாகும். ஆனால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். வெயில் நேரத்தில் வானத்தைப் பின்னால் வைத்து நிறுத்திய மாமியின் முகத்துக்கும் இதே கதிதான். கண்ணுக்குத் தெரிந்தது கமராவுக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் டிஜிட்டல் கமராவின் நன்மைகளில் பெரும்பாலானவையும் அதன் பலவீனங்களும் ஒரே இடத்திலிருந்து பிறப்பது தெரியும்.

கமராவின் லென்சுக்குப் பின்னால், முன்பு பிலிம் இருந்த இடத்தில், இப்போது ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அதுதான் உணரி. அதன் மேற்பரப்பு கோடிக்கணக்கான நுண்சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் ஒரு படப்புள்ளி. கடைக்காரர் பிக்சல் என்பது இதைத்தான். ஒளி துகள் துகளாக வருகிறது என்று 1905 இல் ஐன்ஸ்டைன் சொன்னார். அப்படி ஒரு துகள் சிலிக்கனுக்குள் விழுந்தால், அங்கே கட்டுண்டு கிடக்கும் ஓர் இலத்திரன் விடுபடும். (தமிழ்நாட்டு வாசகர்கள் எலக்ட்ரான் என்று படித்துக்கொள்ளலாம்.) கமராவின் கதவு திறந்து மூடும் அந்த நொடிப்பகுதிக்குள் எந்தச் சதுரத்தில் எத்தனை இலத்திரன்கள் சேர்ந்தன என்று எண்ணி எழுதுவதுதான் டிஜிட்டல் கமராவின் முழு வேலை. படம் என்பது பிறகு நாம் அந்த எண்களைக் கொண்டு வரைந்துகொள்வது.

மழை நாளில் முற்றத்தில் வரிசையாகக் குடங்களை வைத்துவிட்டு, மழை விட்டதும் ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மழை பலமாகப் பெய்தது, எந்தப் பக்கம் மரத்தின் மறைப்பு இருந்தது என்று குடங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் குடம் நிரம்பி வழிந்துவிட்டால்? அதற்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் அளவு ஒன்றுதான். வானத்தின் கீழ் வைத்த குடங்கள் அத்தனையும் நிரம்பி வழிந்தால் வானம் முழுதும் ஒரே எண். அதுதான் வெள்ளைத் தாள். வானம் வழியாமல் இருக்கக் கதவைச் சீக்கிரம் மூடினால், குதிரைகளின் பக்கம் இருந்த குடங்களில் அடி நனையும் அளவுக்குத்தான் நீர் இருக்கும், அதுதான் கறுப்பு. அடி நனைவதற்கும் வழிவதற்கும் இடைப்பட்ட எல்லையை ஒளிவீச்சு என்கிறோம். பெரிய கமராவின் ஒரு படப்புள்ளி சில பத்தாயிரம் இலத்திரன்களைத் தாங்கும். கைபேசியின் நுண்ணிய படப்புள்ளி சில ஆயிரத்திலேயே நிரம்பிவிடும்.

நம் கண்ணுக்கும் எல்லை உண்டு. ஆனால் கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, குதிரைக்கு வந்ததும் விரித்துக்கொள்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகக் காட்டுகிறது. இன்றைய கைபேசிகள் செய்வதும் இதைத்தான். நீங்கள் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, இருண்டவற்றிலிருந்து வானத்தையும் மற்றவற்றிலிருந்து குதிரையையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருகிறது. பிலிமில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? எண்கள் என்பதால்தான் கூட்டவும் கழிக்கவும் முடிகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிக்கனில் ஒளி இலத்திரனை விடுவிக்கும் என்பது தெரிந்திருந்தும், அத்தனை சதுரங்களிலும் சேர்ந்ததை எப்படி வெளியே கொண்டுவந்து எண்ணுவது என்பது சிக்கலாக இருந்தது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் போயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு குடத்து நீரையும் பக்கத்துக் குடத்துக்கு மாற்றி மாற்றி ஓரத்துக்குக் கொண்டுவந்து அளப்பது. இதற்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1975 இல் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய உணரியை வைத்து 3.6 கிலோ எடையில் ஒரு கமராவைச் செய்தார். அதில் 100க்கு 100 படப்புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்தன. இன்று நம் கையிலிருக்கும் உணரிகள் வேறு வகை. நீரை இடம் மாற்றாமல் குடம் இருக்கும் இடத்திலேயே அளப்பவை. விண்கலங்களுக்குச் சிறிய கமரா வேண்டும் என்று 1990களில் நாசாவின் ஆய்வகத்தில் எரிக் பொசம் குழுவினர் வளர்த்தெடுத்தது இது. அங்கிருந்து நம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

சரி, கமரா உண்மையிலேயே ஒளித்துகள்களைத்தான் எண்ணுகிறது என்பதற்கு என்ன சான்று? யாரும் இலத்திரனைக் கண்ணால் பார்த்ததில்லையே.

சான்று நம் படங்களிலேயே இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே நிறச் சுவர்கூட மணல் தூவியதாகத் தெரியும். இதற்கு இரைச்சல் என்று பெயர். பலர் இதைக் கமராவின் குறை என்று நினைக்கிறார்கள். ஓரளவு அப்படித்தான், ஆனால் பெரும்பகுதி ஒளியின் இயல்பு. தூறல் போடும்போது அருகருகே இருக்கும் இரண்டு குடங்களில் விழும் துளிகள் ஒரே எண்ணிக்கையாக இருக்காது. சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழும் இடத்தில் ஒரு புள்ளிக்கு 90, அடுத்ததற்கு 110 என்று ஏறி இறங்குவது சாதாரணம். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம், கண்ணுக்குத் தெரிந்துவிடும். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 அளவுதான். நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. ஒளி தொடர்ச்சியான ஓட்டமாக வந்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி வரவே வராது.

பொறியாளர்கள் இதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். சீராக ஒளியூட்டிய சுவரை ஒரே மாதிரி இரண்டு தடவை படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். சுவரும் லென்சின் அழுக்கும் கழிந்துபோய், மிஞ்சுவது ஏற்ற இறக்கம் மட்டுமே. வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி இதையே திரும்பச் செய்தால், கமரா எழுதும் ஓர் எண்ணுக்கு எத்தனை இலத்திரன்கள் சமம் என்பது கணக்கில் வந்துவிடும். கமராவைத் திறக்கவே தேவையில்லை. வானியலாளர்கள் நட்சத்திரங்களின் ஒளியை அளக்க நம்பியிருக்கும் முறை இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்ததும் இதுதான்: படத்தைக் கெடுக்கும் ஒன்றை வைத்தே கருவியின் உள்ளே நடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க இன்னொரு சோதனை. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைபேசிக் கமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊதா வெளிச்சம் திரையில் மின்னும். முன்பக்கக் கமராவில் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. சிலிக்கனுக்கு அதுவும் ஒளிதான். பின்பக்கக் கமராவில் அது தெரியாவிட்டால், அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி அங்கே நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

இரைச்சலின் கணக்குப் புரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். மங்கல் வெளிச்சமுள்ள ஓர் இடத்தை வைத்துப் பார்ப்போம். மோந்தே பெல்லெகிரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, சைவர் கத்தோலிக்கர் என்ற வேறுபாடில்லாமல் நம்மவர்கள் ஏறிப்போகிறார்கள். 1624 இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் புனிதையின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட இடம் என்று பலெர்மோ மக்கள் போற்றும் குகை. உள்ளே பாறைக் கூரையிலிருந்து கசியும் நீரைத் தகரப் பீலிகள் வளைந்து வளைந்து ஏந்திச் செல்கின்றன. கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திச் சாய்ந்து கிடக்கும் புனிதையின் சிலை; சுற்றிலும் மங்கிய விளக்குகளும் மெழுகுதிரி வெளிச்சமும். இங்கே பிளாஷ் போட்டால் கண்ணாடியில் அதன் வெளிச்சம்தான் விழும், கும்பிடுகிறவர்களுக்கும் இடைஞ்சல்.

பிலிம் காலத்தில் இங்கே படம் எடுப்பது பெரும்பாடு. வெளியே வெயிலுக்கென்று போட்ட றோலில் 36 படமும் முடியும்வரை அதே உணர்திறன்தான். டிஜிட்டலில் குகை வாசலுக்கு வெளியே 100, உள்ளே 3200 என்று படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த எண்ணைக் கூட்டுவதால் உணரிக்குக் கூடுதலாக ஓர் ஒளித்துகள்கூடக் கிடைப்பதில்லை. கிடைத்த சொற்பத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. மெய்யாகவே நல்ல படம் வேண்டுமென்றால் அதிக ஒளித்துகள்களைப் பிடிக்க வேண்டும். அதற்கு வழி பெரிய உணரி, அகன்ற துளையுள்ள லென்ஸ், அல்லது கூடிய நேரம்.

பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் சட்டத்தின் அளவுள்ள உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். சட்டைப்பைக் கமராக்களில் நெடுநாள் இருந்துவந்த சின்ன உணரி சுமார் 28 சதுர மில்லிமீற்றர். முப்பது மடங்கு வித்தியாசம். சின்ன உணரியை 20 மெகாபிக்சலாகப் பிரித்தாலும் 50 ஆகப் பிரித்தாலும் முற்றத்தில் விழும் மழை ஒன்றுதானே, குடங்கள்தான் சிறுக்கின்றன. கைபேசி இதைப் பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்துச் சமாளிக்கிறது. தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், அசையாத சிலைக்கு இது அருமையாக வேலை செய்யும். ஜூலை 14 இரவுத் திருவிழாவில், புனிதையின் தேர் சனத்திரளுக்குள் அசைந்து வரும்போது கைவிட்டுவிடும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் தேரும் நகர்ந்திருக்கும், தலைகளும் நகர்ந்திருக்கும். சேர்த்துத் தைத்த இடங்களில் பிசிறு தட்டும். பெரிய உணரியுள்ள கமராவுக்கு இன்னும் வேலை இருப்பது அங்கேதான். தூரத்தில் இருப்பதை லென்சாலேயே கிட்ட இழுப்பது, வெயிலில் திரை தெரியாதபோது கண்ணை வைத்துப் பார்க்கும் துளை ஆகியவையும் அதன் பக்கம் உள்ள நன்மைகள்.

இனி நிறம். ஒளித்துகள் நீலமோ சிவப்போ, விடுவிப்பது ஒரே மாதிரியான இலத்திரனைத்தான். எனவே உணரிக்கு நிறமே தெரியாது. கொடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற வழியைத்தான் ஏறத்தாழ எல்லாக் கமராக்களும் பின்பற்றுகின்றன: படப்புள்ளிகளின் மேல் நிறக் கண்ணாடித் துணுக்குகளைப் பதிப்பது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பச்சையை ஒட்டிய ஒளியிலேயே நன்றாகப் பிரித்தறிவதால் அதற்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு புள்ளியிலும் கமராவுக்கு உண்மையில் தெரிந்தது ஒரு நிறம் மட்டுமே. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஊகம் பிழைக்கும் இடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டையிலோ நுண்கட்டச் சேலையிலோ இல்லாத வானவில் அலைகள் படத்தில் நெளியும். துணியின் ஒழுங்கும் புள்ளிகளின் ஒழுங்கும் மோதுவதால் வருவது அது. பிலிமின் மணிகளுக்கு ஒழுங்கு கிடையாது, ஆகவே அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஊகமே வேண்டாம் என்று போவியன் நிறுவனம் 2002 இல் வேறு வழி காட்டியது. நீல ஒளி சிலிக்கனில் ஒரு மைக்ரோன் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்பு இன்னும் சில மைக்ரோன் இறங்கும். ஆகவே ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று அடுக்குகள் வைத்தால் போதும். அந்த நிறுவனத்தைப் பின்னர் தலைமையேற்று நடத்தியவர் ஓர் இத்தாலியர்: 1971 இல் வந்த முதல் வணிக நுண்செயலியை இன்டெல்லில் வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான பெதெரிக்கோ பாஜின். யோசனை அழகானதுதான். ஆனால் மங்கல் ஒளியில் இரைச்சல் கூடுதலாக இருந்ததால் சந்தை அதை ஏற்கவில்லை.

பலெர்மோவின் பல்லரோ சந்தையில் காய்கறிக்கும் மீனுக்கும் மேலே சிவப்புத் துணிப் பந்தல் விரித்திருப்பார்கள். கீழே கிடக்கும் மீன் நமக்கு வெள்ளியாகத்தான் தெரிகிறது. மூளை பந்தலின் சிவப்பைக் கழித்துவிடுகிறது. படத்தில் மீனும் மீன்காரரும் சேர்ந்து சிவந்திருப்பார்கள். பிலிமில் இதைத் திருத்த லென்சுக்கு முன்னால் நிறக் கண்ணாடி மாட்ட வேண்டும். டிஜிட்டலில் சிவப்பு எண்களைக் குறைத்து நீல எண்களைக் கூட்டினால் போதும். வெண்சமநிலை என்பது இவ்வளவுதான். எது வெள்ளை என்று கமரா தானே ஊகிக்கும்போதுதான் சறுக்குகிறது. தங்க நகையும் மஞ்சள் பட்டும் நிறைந்த கல்யாணப் படத்தில், இவ்வளவு மஞ்சளும் விளக்கு வெளிச்சம் போலும் என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும். மணவறை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் துணியையோ தாளையோ காட்டி அளவைப் பூட்டிவிட்டு எடுத்தால் பிழைக்காது.

நம் தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறப் பிலிம் காலத்தில் அச்சுக் கூடங்களுக்குக் கொடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவரது முகம் சரியாக வரும்படிதான் இயந்திரங்கள் சரிசெய்யப்பட்டன. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் படங்களாக வந்தன. மரத் தளபாட, சாக்லேட் நிறுவனங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமைத் திருத்தினார்கள் என்று கொடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். டிஜிட்டலில் அந்த அதிகாரம் அச்சுக் கூடத்திலிருந்து நம் கைக்கு வந்திருக்கிறது. இதை நான் அதன் பெரிய நன்மைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆனால் கமராவின் தானியங்கி அளவுமானி எந்தக் காட்சியும் சராசரியில் நடுச் சாம்பல் நிறம் என்றே நம்புகிறது. வெள்ளை வேட்டி சட்டைக்காரர்கள் சட்டத்தை நிறைத்து நின்றால் அது வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் இருளும். அப்போது ஒளியளவைக் கூட்டக் குறைக்க உதவும் பொத்தானில் ஒரு படி கூட்டுங்கள். எடுத்த உடனே திரையில் பார்த்துத் திருத்தலாம். றோல் கழுவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

டிஜிட்டல் வந்ததால் படங்கள் சிறந்துவிட்டன என்று மட்டும் சொல்ல மாட்டேன். 1970களில் இந்த நகரத்தின் லோரா நாளேட்டுக்காகக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் மாபியாக் கொலைகளையும் ஏழைச் சிறுமிகளின் முகங்களையும் எடுத்த லெத்தித்சியா பத்தாலியாவின் படங்களுக்கு முன்னால் நம் கைபேசியின் ஆயிரம் படங்கள் நிற்காது.

மிஞ்சியிருப்பது படத்தைச் சேமிப்பது. உணரி எழுதும் எண்களில் ஒரு புள்ளிக்கு 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கும். சாதாரணப் படக்கோப்பு அதை 256 படிகளாகச் சுருக்கி, கண் கவனிக்காத நுணுக்கங்களையும் களைந்துவிடுகிறது. இப்படிச் சுருக்கும் கணிதம் பெங்களூரில் பொறியியல் படித்த நாசிர் அகமதும், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் சேர்ந்து 1974 இல் வெளியிட்டது. 1972 இல் அகமது இதற்கு ஆய்வுநிதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள்! வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது மறுபடியும் ஒருமுறை சுருங்குகிறது. கையிலிருந்து கைக்குப் போய்த் திரும்பி வந்த கல்யாணப் படத்தில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். கோப்பாக இணைத்து அனுப்பினால் உடையாது.

பிலிமிலிருந்து எடுத்த பிரதி மூலத்தைவிடச் சற்றுக் குறைந்ததாகவே இருக்கும். எண்களைப் பிரதி எடுத்தால் ஓர் எண்ணும் மாறாது. ஆயிரமாவது பிரதியும் மூலமே. இடம்பெயர்வில் ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடிவந்த எங்களுக்கு இதன் அருமை தெரியும். அதே கோப்பில் எடுத்த நேரமும், சில வேளை எடுத்த இடமும் பதிவாகிறது. ஊருக்குப் போகும்போது கமராவின் மணிக்கூட்டை மாற்ற மறந்தால் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் மாரியில் நாலரை மணித்தியாலமும் பிழைக்கும். வீட்டு முகவரி தெரிய வேண்டாம் என்றால் பொதுவில் பகிருமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

புதுக் கமரா வாங்கப் போகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதை விட்டு, உணரி எத்தனை மில்லிமீற்றர், லென்சின் துளை எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். வெளிச்சத்தில் எடுக்கும் வீட்டுப் படங்களுக்குக் கையிலிருக்கும் போனே போதும். அந்தக் காசில் ஒரு வன்தட்டு வாங்கி, படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். தட்டுகளும் ஒருநாள் பழுதாகும்.